கடிதத்தில் இல்லாத கிளி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பாதி பொய், நலமில்லை என்று எழுதினால் முழுப் பொய். அப்பாவுக்கு வலது கை இன்னும் தூக்க வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, வாயில் சொல் மட்டும் வருவதில்லை. உன் உடம்பு எப்படி? ஏணி மேல் நின்றுகொண்டு போன் பேசும் பழக்கத்தை விட்டாயா?

போனில் உன் குரல் கேட்டால் அப்பா வாசலைப் பார்க்கிறார். நீ வரவில்லை என்று தெரிந்ததும் கண் கலங்கிவிடுகிறது. டாக்டர் சொன்னபடி கடிதம்தான் நல்லது. மாலை ஐந்து மணிக்கு, நர்ஸம்மா சமையலறையில் பாத்திரம் கழுவும் நேரத்தில், ஹாலில் அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன். ஆனால் நீ அனுப்புவது கடிதமா, ரசீதா? "மூன்று வீட்டில் கேமரா மாட்டினேன், நலம்." இதை எப்படியடா கால் மணி நேரம் படிப்பது?

போன மாதம் வந்தபோது ஹால் சுவரில் நீ மாட்டிய அவசர விளக்கு, நேற்று மின்சாரம் போனதும் பளிச்சென்று எரிந்தது. நர்ஸம்மா உன்னைப் புகழ்ந்தார். அவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். அவர் ஊட்டினால்தான் அப்பா முழுதாகச் சாப்பிடுகிறார். நான் ஊட்டினால் பாதியில் வாயை மூடிக்கொள்கிறார். பரிசோதனைக் கூடத்தில் தினமும் நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்து எடுத்து, தெருவே என்னை ஊசியக்கா என்கிறது. என் கையைக் கண்டால் அப்பாவுக்கும் பயமோ என்னவோ.

இனிமேல் இரண்டு தாளாக எழுது. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எனக்கு மட்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சளி பிடித்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா தாள்:
அப்பா, வணக்கம். இந்த வாரம் ஒரு மருந்துக்கடையிலும் இரண்டு வீட்டிலும் வேலை. நல்ல மழை. புது ஏணி வாங்கினேன். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உன் தாள்:
அக்கா, எனக்கு எழுத வரவில்லை. என்ன செய்ய? நாள் முழுக்கச் சுவரோடு பேசுகிறவன். இந்த வாரம் ஒரு வீட்டுக்காரரோடு சண்டை. வேலைக்கு வரும் பெண்ணின் அறையில் கேமரா வேண்டும், அதுவும் தெரியாமல் வேண்டும் என்றார். முடியாது என்றேன். வாசல், ஹால் என்றால் மாட்டலாம். படுக்கையறை, குளியலறை கூடவே கூடாது. சத்தத்தையும் பதிவு செய்வதானால் வீட்டில் புழங்குகிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் என் லைசென்ஸ் போய்விடும். "என் வீடு, என் இஷ்டம்" என்று குதித்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உதவிக்கு வருகிறவர்களை அளவாக நம்பு. வேறு ஒன்றும் இல்லை.

தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

சளிக்கு ஆவி பிடித்தாயா? இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அப்பா சிரித்தார்.

ஆறு மாதத்தில் முதல் தடவை. செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தலையைக் குனிந்து தாளைப் பார்த்தபடி இருந்தேன். திடீரென்று ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தேன். நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது, முகம் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் அது சிரிப்புதான், எனக்குத் தெரியாதா? சமையலறையிலிருந்து நர்ஸம்மாவே கேட்டார், "யாரு சிரிச்சது, பெரியவரா?" என்று.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. பரிசோதனைக் கூடத்தில் மறுநாள் எல்லாருக்கும் வலிக்காமல் குத்தினேன் என்று சொன்னார்கள்.

உன் கடிதத்தில் அப்படி என்ன இருந்தது என்று கேட்காதே. எழுதிக்கொண்டே இரு.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

சளி போய்விட்டது. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இந்தத் தடவை உன் தாளில் எழுத எதுவும் இல்லை, எல்லாவற்றையும் அப்பா தாளிலேயே எழுதிவிட்டேன்.

அப்பா தாள்:
அப்பா, வணக்கம். அந்தக் கிளி வீட்டிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அலாரம் போலவே கத்தி என்னை மூன்று தடவை ஏணியில் ஏற்றி இறக்கி, கடைசியில் "ஏணி வேணுமா" என்று கேட்டதே, அதே கிளிதான். இப்போது என் குரலையே பிடித்துக்கொண்டது. யார் வந்தாலும் "எல்லாம் சரியாயிடுச்சு சார், இங்க கையெழுத்துப் போடுங்க" என்கிறதாம். வீட்டுக்காரர் தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அலுத்துவிட்டார். கிளியை நான்தான் கெடுத்தேன் என்று என்மேல் புகார். அடுத்த தடவை வாயைத் திறக்காமல் வேலை செய்யப் போகிறேன். அதையும் அது கற்றுக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

அந்தக் கிளி உன் கடிதத்தில் எந்த நாளும் இருந்ததில்லை.

ஜனவரியில் நீ எழுதியது நாலு வரி. மருந்துக்கடை, மழை, ஏணி, மருந்து. அதைப் படித்தால் அரை நிமிடம். அப்பா இன்னும் இருக்கிறதா என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். மனசு கேட்கவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டே ஒரு கிளியைச் சொன்னேன், உன் புது ஏணியையும் சேர்த்துக்கொண்டேன். நான் அதை உனக்கு எழுதவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. நர்ஸம்மாவுக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் சிரிப்பு ஒன்றுதான் கேட்டது. நானும் அப்பாவும் மட்டும் இருந்த அறையில் சொன்ன கிளி, உனக்கு எப்படித் தெரிந்தது?

நேற்று உன் தாளை அப்பாவுக்குப் படித்துக்கொண்டு வரும்போதுதான் அந்த வரி வந்தது. படிப்பதை நிறுத்தினேன். அப்பா காத்துக்கொண்டிருந்தார், அதனால் கடைசி வரை படித்தேன். நல்லபடியாகவே படித்தேன். பிறகு முக்காலி போட்டு ஏறி, விளக்கைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே சிம் கார்டு இருந்தது. மிளகு அளவில் ஒரு கண் இருந்தது.

ஜனவரி முதல் வாரத்து மழையில் படுக்கையறை ஒழுக ஆரம்பித்தது. நீ கவலைப்படுவாய் என்று எழுதவில்லை. பீரோவையும் பாயையும் ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் படுப்பது அங்கே. துணி மாற்றுவது அங்கே. ஜன்னலுக்கும் அப்பாவுக்கும் மறைவாக பீரோக் கதவைத் திறந்து வைத்துக்கொள்வேன். அந்தக் கதவு உன் விளக்குக்கு மறைவில்லை. அழுதது அங்கே. உன்னைத் திட்டியதும் அங்கேதான். எதையெல்லாம் பார்த்தாய்?

பதில் எழுது.

அக்கா


மார்ச் 25

தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று உன் நண்பன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

சட்ட உதவி மையத்துக்குப் போனேன். யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். வக்கீலம்மா என்னை விடச் சின்னப் பெண், மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வீடு அப்பா பேரில் இருக்கிறது, மாட்டியவன் அவருடைய மகன், மாட்டியது ஹாலில், அப்படியானால் தப்பில்லையே என்றேன். பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "வீடு யார் பேர்ல இருக்குங்கறது கேள்வியே இல்லீங்க. அந்த ரூம்ல யார் துணி மாத்துறாங்க? அதுதான் கேள்வி." அதற்கு மேல் என்னால் யாருக்கோ கேட்பதுபோல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அவர் கையால் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்ட விட எனக்கு மனசு வரவில்லை. மத்தியானம் அப்பா தூங்கும்போது அவர் ஹாலில்தான் உட்கார்ந்து, உடையை முட்டிக்கு மேலே தூக்கி வலிமருந்து தேய்த்துக்கொள்வார். அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், என் முன்னாலேயே உடையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். மாட்டிக்குங்க, எனக்கென்ன பயம்? கேக்கலயே" என்றார். அப்பாவுக்குத் தலை சீவிவிட்டார், பையை எடுத்துக்கொண்டார், போய்விட்டார். மறுநாள் புகார் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அப்பா எப்படி இருக்கிறார்?

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். போன வருடம் ஒரு வீட்டில் பதிவைத் திருப்பிப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு அம்மாவை, பார்த்துக்கொள்ள வந்த ஆள் அடித்தான். அவருடைய மகன் என் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அப்பாவை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தரைதான் தெரிந்தது. அதனால் மாட்டினேன். ஹால்தானே, ஹாலில் மாட்டலாமே என்று நினைத்தேன். சத்தத்துக்குக் கையெழுத்து வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என் வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. என் அக்கா, என் அப்பா, இதற்கெல்லாம் காகிதமா என்று இருந்துவிட்டேன். "என் வீடு, என் இஷ்டம்" என்றவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பத்து நாளில் தெரிந்துவிட்டது, நர்ஸம்மா தங்கமான மனுஷி. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நீ பீரோவை ஹாலுக்கு இழுத்ததையும் பார்த்தேன். அன்றே கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். கழற்றச் சொன்னால் மாட்டியதைச் சொல்ல வேண்டுமே. நீ பீரோக் கதவைத் தொட்டாலே போனில் அந்தப் படத்தை மூடிவிடுவேன், சத்தியமாக. ஆனால் ஐந்து மணி ஆனால் திறந்துவிடுவேன். நான் எழுதாத அன்பையெல்லாம் என் பேரில் நீ படித்தாய் அக்கா. "உங்க ஞாபகமாவே இருக்குப்பா" என்று நான் எந்தக் கடிதத்தில் எழுதினேன்? அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். வீட்டில் குடியிருப்பவருக்குத் தெரிந்துதான் மாட்டியது என்றால் லைசென்ஸ் பிழைக்கும். உனக்குத் தெரியும் என்று விசாரணை அதிகாரிக்கு ஒரு வரி எழுதிக்கொடு. எனக்கு வேறு தொழில் தெரியாது.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

அப்பாவுக்கு இருமல். புதிதாக வந்திருக்கும் பெண் நல்லவள்தான், ஆனால் அப்பா அவள் கையைத் தட்டிவிடுகிறார்.

எழுதிக்கொடுக்க மாட்டேன். எனக்குத் தெரியாது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். என் தம்பி என்பதையும் சொன்னேன், அவன் கெட்டவன் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் இரண்டாவதை எழுதிக்கொள்ளவில்லை. நான் தெரியும் என்று எழுதினால் நர்ஸம்மாவை நானும் சேர்ந்து ஏமாற்றியதாக ஆகும். உன் லைசென்ஸுக்காக அந்த அம்மாவுக்கு நான் அதைச் செய்ய வேண்டுமா? அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்துத் திரும்பிப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எங்கே அழுவது என்று தெரியாமல் ஒழுகும் அறையில் போய் அழுதேன்.

பதிவு முழுவதையும் அழித்துவிடு. ஒரு நொடி மிச்சம் இருக்கக் கூடாது. நர்ஸம்மா கேட்பதும் அது ஒன்றைத்தான், தன் கண் முன்னால் அழிக்க வேண்டும் என்கிறார். உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயதில் எதைத் தூக்கிப் போடச் சொன்னாலும் ஒன்றை ஒளித்துவைத்துக்கொள்வாய். இதில் அப்படிச் செய்தால் நீ எனக்குத் தம்பியே இல்லை.

உன் பழைய தாள்களை இப்போதும் அப்பாவுக்குப் படிக்கிறேன். எழுதியிருப்பதை மட்டும் படிக்கிறேன். சுவரில் ஒன்றுமில்லை, ஆணி மட்டும்தான் இருக்கிறது. இருந்தாலும் வாய் வரவில்லை.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். லைசென்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்துவிட்டார்கள். ஒரு கிடங்கில் பெட்டி இறக்குகிறேன். நீ சொன்னது சொன்னபடி நடந்தது.

அப்பா தாள்:
அப்பா, இந்த மாதக் கடைசியில் வருகிறேன். கட்டாயம் வருகிறேன்.

தம்பி


ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா போய் இரண்டு மாதம் ஆகப் போகிறது. நீ சொன்ன தேதிக்கு ஆறு நாள் முன்னால் போய்விட்டார். வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டோம், தண்ணீர் கொடுத்தோம். நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நீ கிளம்பும்போது "வரேன்க்கா" என்றாய். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. அது என்னை அறுக்கிறது.

சாப்பிடுகிறாயா? பெட்டி தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள். நர்ஸம்மா துக்கம் விசாரிக்க வந்தார். புதுப் பெண்ணிடம் அப்பா எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டார். நான் எழுந்து போய் அவருக்குக் காபி போட்டேன். அவருக்கும் புரிந்திருக்கும்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். அப்பா சிரித்த அந்த ஒரு நிமிடம் உன்னிடம் இருக்கும். எனக்கு அது வேண்டும். உன்னை எனக்குத் தெரியும், ஒன்றை ஒளித்துவைத்திருப்பாய். நான் கோபப்பட மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் நர்ஸம்மா சமையலறையில் இருந்தார், அதில் இருப்பது அப்பாவும் நானும் மட்டும். சட்டப்படி பார்த்தாலும் அது எங்கள் இரண்டு பேருடையது. பார், உன்னைப்போலவே பேச ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அப்பா சிரித்ததை நான் பார்க்கவே இல்லையடா. சத்தத்தைத்தான் கேட்டேன். அதுவும் இப்போது சரியாக ஞாபகம் வரவில்லை. அனுப்பு.

உன்
அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. நீ கேட்டுவிட்டாய் என்பதே எனக்குப் போதும்போல இருந்தது. பிறகுதான் என்ன பதில் எழுதுவது என்று உட்கார்ந்தேன். பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

இல்லை அக்கா. ஒன்றும் இல்லை.

ஏப்ரல் கடைசியில், விசாரணை அதிகாரியின் அறையில் வைத்து அழித்தேன். நர்ஸம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்ததும் என் கை நின்றுவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது. "அது பெரியவர் சிரிச்ச நாளா? வேணும்னா வெச்சுக்கோங்க தம்பி, அதுல நான் இல்லியே" என்றார். அதிகாரியும் சரி என்று தலையாட்டினார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு நொடி மிச்சம் இருக்கக் கூடாது என்று என் அக்கா சொல்லியிருக்கிறாள் என்று சொல்லி அழித்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவை நீ சொன்னதை அப்படியே கேட்டேன்.

அதைப் பலமுறை போட்டுப் பார்த்தவன் நான். பார்த்திருக்கக் கூடாது. பார்த்ததைச் சொல்லவும் எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனால் பார்த்தவன் நான் ஒருவன்தான், சொல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.

நீ குனிந்து தாளைப் பிடித்திருந்தாய். உன் கண் வரிகளில் ஓடவில்லை, ஒரே இடத்தில் நின்றிருந்தது. அப்பா அதைக் கவனித்துவிட்டார். மெல்லத் தலையைச் சாய்த்துத் தாளைப் பார்த்தார். நாலே வரி. அதன் பிறகு அவர் தாளைப் பார்க்கவே இல்லை, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதையில் என்னை இரண்டாவது தடவை ஏணியில் ஏற்றினாயே, அப்போதே இடது கன்னம் மேலே போனது. உதட்டைக் கடித்து அடக்கினார். கிளிக் குரலில் நீ கேட்டதும் அடக்க முடியவில்லை, சத்தம் வந்துவிட்டது.

நீ நிமிர்ந்து பார்ப்பதற்குள், அவசர அவசரமாக முகத்தைத் துடைத்த மாதிரி ஆக்கிக்கொண்டார். ஒன்றும் தெரியாதவர்போலக் கூரையைப் பார்த்தார். தாளில் கிளி இல்லை என்று தனக்குத் தெரிந்துவிட்டதை நீ கண்டுபிடித்தால், அடுத்த நாள் சொல்ல மாட்டாய் என்று பயந்திருப்பார்.

உன்
தம்பி